உடவத்தகெலே வனமும் வாவியும்

கண்டி மாநகரில் தலதா மாளிகைக்குப் பின்புறத்தே எழும் மலைமுகட்டில் விரிந்து கிடக்கின்றது உடவத்தகெலே வனம். கண்டி மன்னரின் உய்யான வனமாக விளங்கிய இஃது 1938 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பெற்றது.

வாயிலைக் கடந்து நிழல்வழியே சிறிது தூரம் நடப்போரை அமைதியான வாவியொன்று வரவேற்கும். அரச குடும்பத்தினர் நீராடிய குளம் அதுவென்பர். நகரத்து இரைச்சல் அங்கே அடங்கிவிடுகின்றது.

ஆயினும், இக்காட்டை அழிக்கக் கோடரி வேண்டுவதில்லை. அந்நியர் ஆட்சியிலே அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த பால்சம் மரத்தின் சிறகுள்ள விதைகள் காற்றிற் பரந்து, நெருங்கி முளைத்து, நாட்டுமரக் கன்றுகளுக்கு ஒளியை மறைக்கின்றன. இளங்கன்று தழைக்காத காடு முதுமரங்களோடு முடிந்துவிடும். மழைநீரை உள்வாங்கி மெல்லக் கசியவிடும் மண்ணைக் காப்பதும் காடே. ஆதலின், அந்நாட்டுமரக் கன்றுகளைக் காப்பவரே வாவியையும் காப்பவராவர்.