சுருதி கலைந்த பியானோ



2011ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் ஜப்பானின் வடகிழக்குக் கரையைக் கடல் விழுங்கியது. மியாகி மாநிலத்து நத்தோரி நகரில் இருந்த வேளாண்மை உயர்நிலைப் பள்ளி ஒன்றின் பியானோவும் ஆழிப்பேரலையில் மூழ்கியது. நீர் வடிந்தபின் அது வெளிப்பட்டபோது, சில கட்டைகள் அழுத்தினால் மீண்டும் எழவில்லை. சில தந்திகள் ஒலிக்கவில்லை. ஒலித்த தந்திகளும் தத்தம் சுருதியை விட்டு விலகி நின்றன. கைவிடத்தக்க அந்தக் கருவியைத் தேடிச் சென்று, அதன்முன் நின்று, கட்டை கட்டையாகத் தொட்டுக் கேட்டார் ஓர் இசைஞர். அவர் பெயர் ரியூச்சி சகாமோட்டோ.

இம்மியும் பிசகாத காலக் கணக்குடைய மின்னணு இசையால் உலகப் புகழ் பெற்றவர் அவர். உலகின் பெருந்திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். அத்தகையவருக்குச் சுருதி கலைந்த ஒரு பியானோவிடம் என்ன வேலை? அவருடைய வாழ்வைச் சற்று விரித்துப் பார்த்தாலன்றி இவ்வினாவுக்கு விடை கிடைக்காது.

சகாமோட்டோ 1952ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் தோக்கியோவில் பிறந்தார். அவர் வளர்ந்தது இலக்கியம் மணக்கும் இல்லம். தந்தையார் கசுகி சகாமோட்டோ, கவாதே ஷோபோ பதிப்பகத்தில் இலக்கிய நூல்களின் பதிப்பாசிரியர். யூக்கியோ மிஷிமாவைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்ற 1949ஆம் ஆண்டு நாவலைப் பதிப்பித்தவர். தாயார் தொப்பி வடிவமைக்கும் கலைஞர். மழலையர் பள்ளியில் முயல் வளர்த்த அனுபவத்தைப் பாட்டாக்குமாறு ஆசிரியர் பணித்தபோது பிறந்ததே அவருடைய முதற்பாட்டு. ஓர் உயிரைப் பேணியதிலிருந்து எழுந்த பாட்டு அது.

பள்ளிப் பருவத்திலேயே பிரெஞ்சு இசைமேதை டெபுஸியின் இசை அவரை ஆட்கொண்டது. டெபுஸியோ, 1889ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஜாவாத் தீவின் கமலான் இசையைக் கேட்டு மனம் பறிகொடுத்தவர். ஆசியாவிலிருந்து ஐரோப்பா சென்ற ஒரு நாதம், ஐரோப்பிய வடிவில் மீண்டும் ஆசியச் சிறுவன் ஒருவனின் செவியை வந்தடைந்தது. கீழை, மேலை என்னும் எல்லைக்கோடு அவருக்கு என்றுமே உறுதியாகத் தோன்றாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1970இல் தோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இசையமைப்பு பயின்றார். ஃபுமியோ கொய்சுமி என்னும் அறிஞரின் வகுப்புகளில் உலக மக்களினங்களின் இசையைக் கேட்டார். ஒரு பக்கம் தொன்மையான நாட்டார் இசை. மறுபக்கம் அப்போதுதான் வளர்ந்துவந்த மின்னணு இசை. இரண்டிலும் ஈடுபட்டு 1976இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1978ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்புமுனை. ஹருவோமி ஹொசோனோ, யுகிஹிரோ தகஹாஷி ஆகிய இருவருடன் சேர்ந்து 'யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் குழுவை அமைத்தார். ஆசியாவைக் கற்பனையாகப் புனைந்து அமெரிக்கர் மார்ட்டின் டென்னி இயற்றிய இசையொன்றை இக்குழு எடுத்துக்கொண்டு, கணிப்பொறியின் துணையால் அதை மறுவார்ப்புச் செய்தது. தம்மைப் பற்றி மேலைநாட்டார் வரைந்த கேலிச்சித்திரத்தை வாங்கி, அதற்குத் தாமே வண்ணம் தீட்டித் திருப்பிக் கொடுத்த சாமர்த்தியம் அது.

இக்குழுவின் இசை பிறந்த விதமும் அறியத்தக்கது. ரோலண்ட் நிறுவனம் 1977இல் வெளியிட்ட எம்சி-8 என்னும் கருவியில், ஒவ்வொரு சுரத்தின் உயரத்தையும் நீளத்தையும் எண்களாக உள்ளிட வேண்டும். ஹிடேகி மட்சுடாகே என்னும் வல்லுநர் அப்பணியைச் செய்தார். கருவி தன் கணக்குப்படி ஒலிக்கும். கலைஞர்கள் அதன் தாளத்தோடு ஒட்டி வாசிப்பர். மனிதன் பொறிக்கு இசைந்து நின்ற காலம் அது. 1980இல் சகாமோட்டோ தனியே இயற்றிய 'ரயட் இன் லாகோஸ்', பின்னாளில் நியூயார்க்கின் ஹிப்-ஹாப் முன்னோடிகளையும் ஈர்த்தது.

குழு 1983இல் கலைந்தது. அதற்கு முன்பே திரையுலகம் அவரை அழைத்துக்கொண்டது. இயக்குநர் நாகிசா ஓஷிமா, 'மெர்ரி கிறிஸ்மஸ் மிஸ்டர் லாரன்ஸ்' படத்தில் நடிக்குமாறு கேட்டார். படத்தின் இசையையும் தமக்கே தந்தால் நடிப்பதாகச் சொன்னார் சகாமோட்டோ. அதுவரை திரைப்படத்துக்கு இசையமைத்தறியாத இளைஞரின் துணிவு அது! இரண்டாம் உலகப்போரின்போது ஜாவாவிலிருந்த ஜப்பானியச் சிறைமுகாமே கதைக்களம். மின்னணுக் கருவிகளில் எழுந்த மணியோசை போன்ற ஒரு மெட்டை அவர் அதற்கு அமைத்தார். அதில் கிறிஸ்மஸ் மணியும் கேட்கிறது. கமலானின் சாயலும் கேட்கிறது. பகைவரான இரு நாட்டாருக்கும் பொதுவான ஏக்கம் ஒன்று அதில் ஒலித்தது. பிரிட்டனின் பாஃப்டா விருது அவ்விசைக்குக் கிட்டியது.

அடுத்து வந்தார் இத்தாலிய இயக்குநர் பெர்னார்டோ பெர்டோலுச்சி. 'தி லாஸ்ட் எம்பரர்' படத்தில் சகாமோட்டோ முதலில் நடிகராகவே சேர்ந்தார். படப்பிடிப்பு முடிந்து மாதங்கள் பல கழிந்தபின், இசையும் அவரே அமைக்க வேண்டும் என்ற செய்தி வந்தது. கிடைத்த காலம் இரண்டே வாரங்கள். அதற்குள் நாற்பதுக்கு மேற்பட்ட இசைத்துண்டுகளை எழுதிப் பதிவு செய்தார். முடிந்த படத்தைக் காணச் சென்றபோது, அவற்றில் ஏறத்தாழப் பாதி நீக்கப்பட்டிருந்தது கண்டு அதிர்ந்தார். எஞ்சிய பாதிக்குத்தான் 1988இல் டேவிட் பைர்ன், ட்சுங் சூ ஆகியோருடன் இணைந்து ஆஸ்கார் விருதைப் பெற்றார்!

1990இல் வெளிவந்த 'தி ஷெல்ட்டரிங் ஸ்கை' படத்தின் பதிவின்போது நிகழ்ந்ததை அவரே பிற்காலத்தில் நகைச்சுவையோடு கூறியிருக்கிறார். இசைக்குழு முழுவதும் காத்திருக்க, முகப்பிசை பிடிக்கவில்லை, மாற்றுக என்றார் பெர்டோலுச்சி. உடனே முடியாதென்று மறுத்தார் சகாமோட்டோ. எனியோ மொரிக்கோனே செய்து தருவாரே என்றார் இயக்குநர். பிறகென்ன? அரைமணி நேரத்தில் புது இசை பிறந்தது. பொறியைத் தம் கணக்குக்கு ஆட்டுவித்தவர், பிறருடைய காட்சிக்கும் காலத்துக்கும் தம் இசையை விட்டுக்கொடுக்கத் திரையுலகில்தான் கற்றார்.

இந்தப் பின்புலத்தோடு மீண்டும் நத்தோரியின் பியானோவிடம் வருதல் வேண்டும்.

முதன்முறை அதைத் தொட்டபோது, நீரில் மூழ்கி இறந்த ஒன்றின் உடலைத் தொடுவதுபோல அவருக்கு வலித்தது. காலம் செல்லச் செல்ல அவர் எண்ணம் மாறியது. பியானோ என்பது என்ன? மரத்தை வெட்டி, அழுத்தி, வளைத்து ஒரு சட்டத்தில் அடக்குகிறார்கள். இருநூறுக்கு மேற்பட்ட எஃகுத் தந்திகளை இழுத்துக் கட்டுகிறார்கள். பெரிய பியானோவில் அந்த இழுவிசையின் மொத்தம் ஏறத்தாழ இருபது டன். நாளடைவில் மரமும் தந்தியும் நெகிழ்கின்றன. அதைச் சுருதி கெட்டது என்கிறான் மனிதன். மரமும் எஃகுமோ தம் பழைய இயல்புக்குத் திரும்பவே முயல்கின்றன. அந்தப் பள்ளிப் பியானோவுக்குக் கடலே சுருதி சேர்த்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார் சகாமோட்டோ.

2014இல் தொண்டைப் புற்றுநோய் அவரைத் தாக்கியது. பணிகளை நிறுத்திச் சிகிச்சை பெற்று மீண்டார். 2017இல் வெளியான 'ஏசிங்க்' என்னும் இசைத்தொகுப்பில் அந்தப் பியானோவின் ஒலி இடம்பெற்றது. தொகுப்பின் பெயருக்கே ஒத்திசையாமை என்பது பொருள். பொறியின் தாளத்தோடு அணுவளவும் பிசகாமல் ஒத்திசைந்தவர், ஒவ்வோர் ஒலியும் தன்தன் காலத்தில் நடக்கட்டும் என்று விட்டுவிட்டார். மழையோசை எவ்வாறு ஒலிக்கும் என்றறியப் பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் நின்ற அறுபது வயது கடந்த அம்முதியவரை, 'கோடா' என்னும் ஆவணப்படத்தில் இன்றும் காணலாம்.

பொறியையும் அவர் துறந்துவிடவில்லை. 2017 இறுதியில் ஷிரோ தகதானியோடு இணைந்து தோக்கியோவில் அமைத்த காட்சியொன்றில் அதே பியானோ வைக்கப்பட்டது. உலகெங்கும் பதிவான நிலநடுக்கத் தரவுகளைக் கொண்டு பொறி அதன் கட்டைகளை இயக்கியது. ஒருகாலத்தில் மனிதன் உள்ளிட்ட எண்களை ஒலித்த பொறி, இப்போது நிலத்தின் நடுக்கத்தை ஒலித்தது.

கவிஞர் பெருமக்கள் கருதத்தக்க மற்றொரு செய்தியும் அத்தொகுப்பில் உண்டு. 'தி ஷெல்ட்டரிங் ஸ்கை' படத்தில், மூலநாவலின் ஆசிரியர் பால் பௌல்ஸ் தம் குரலிலேயே ஒரு பகுதியைச் சொல்வார். வாழ்வு வற்றாதது என மனிதன் மயங்குகிறான். முழுநிலவைக் காணும் வாய்ப்புகளும் எண்ணிக்கைக்கு உட்பட்டவையே என்பது அதன் கருத்து. அக்குரலை எடுத்து, அதே பகுதியைப் பல மொழிகளில் பலரைப் படிக்கச் செய்து ஓர் இசையாக்கினார் சகாமோட்டோ. இத்தாலிய மொழியில் படிப்பவர் பெர்டோலுச்சியே. பௌல்ஸ் 1999இல் மறைந்தவர். பெர்டோலுச்சி 2018இல் மறைந்தார். 2023இல், அவர் மறைவுக்குப்பின் வெளியான சகாமோட்டோவின் தன்வரலாற்று நூலும் அம்முழுநிலவின் பெயரையே தாங்கி வந்தது.

2020இல் மீண்டும் புற்றுநோய் கண்டது. அறுவை மருத்துவத்துக்குப்பின் நாட்குறிப்பு எழுதுவதுபோல் அவ்வப்போது வாசித்துப் பதிவு செய்த துண்டுகளுள் பன்னிரண்டைத் தேர்ந்து, '12' என்ற பெயரில் தம் எழுபத்தொன்றாம் பிறந்தநாளன்று வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் அது பிறந்த நாளே பெயர். சுரங்களுக்கிடையே அவருடைய மூச்சொலி கேட்கிறது. அதை அவர் நீக்கவில்லை. 2022 செப்டம்பரில், முழுக் கச்சேரி செய்ய வலுவின்றி, நாளொன்றுக்குச் சில பாடல்கள் வீதம் தனிப்பியானோவில் வாசித்தார். அதை அவர் மகன் நியோ சோரா 'ஓப்பஸ்' என்னும் படமாக்கினார். மரணத்துக்குச் சில வாரங்கள் முன்னும், தோக்கியோவின் ஜிங்கு கையன் பகுதி மரங்களை வெட்ட வேண்டா என்று நகர ஆளுநருக்கு மடல் எழுதினார். 2023 மார்ச்சு 28ஆம் நாள் மறைந்தார். பள்ளிச் சிறுவனாக முயலைப் பேணிய கை, கடைசியில் மரங்களுக்காக எழுதிற்று.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். சுருதியை நன்கறிந்த செவிக்கே, சுருதி கலைந்ததன் அழகும் புலப்படும். எண்ணெண்ணாகக் கணக்கிட்டு இசை செய்த நாற்பது ஆண்டு உழைப்பு இல்லாவிடில், நத்தோரியின் பியானோ அவருக்கும் வெறும் உடைசலாகவே தோன்றியிருக்கும். சொல்லை அடக்கி யாப்பில் நிறுத்தும் கவிஞர்க்கும் இவ்விரண்டு கல்வியும் வேண்டும். இழுத்துக் கட்டக் கற்றல் ஒன்று. கட்டியது நெகிழும்போது, அது எங்கே திரும்பிச் செல்ல விழைகிறது எனச் செவி கொடுத்தல் மற்றொன்று. முதலாவதைப் பல்கலைக்கழகத்திலும் பொறியிடத்தும் கற்றார் சகாமோட்டோ. இரண்டாவதைக் கற்பிக்க, சேறு படிந்த ஒரு பள்ளிப் பியானோ காத்திருந்தது.