வெள்ளை கலந்த செடியும் ரெண்டு தவணையும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

எனக்கு மைக் புடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. செடியப் பத்தித்தான் தெரியும், அதையே சொல்றேன்.

குழுவில் 6,000 ரூபாய் உள்கடன் வாங்கி, வெள்ளையும் பச்சையும் கலந்த மணி பிளான்ட் வளர்க்க ஆரம்பித்தேன். வெறும் பச்சையைவிட இதற்கு விலை கூட. முதலில் தாய்ச்செடிகளை மொட்டை வெயிலில் வைத்தேன். ஒரே வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகிப் போச்சு. பயந்துபோய்ப் புளியமரத்தடி இருட்டில் கொண்டுபோய் வைத்தேன். அங்கே கருகவில்லை. ஆனால் சில கொடிகள் முழுப் பச்சையாக நீண்டு ஓடின. நல்லா ஓடுற கொடிதான் நல்ல கொடின்னு நினைச்சு, அதிலிருந்தே வெட்டி நூறு பையில் நட்டேன்.

எடுக்க வந்த நர்சரிக்காரர், "வெள்ளை எங்கம்மா? இது வெறும் பச்சை"ன்னு சொல்லிட்டு வண்டியைத் திருப்பிட்டார்.

ரெண்டு தவணை கட்ட முடியவில்லை. கூட்டத்துக்குப் போகவே கூச்சம். ஒரு அக்கா, "தவணைன்னா தவணைதான். இன்னைக்கு இவளுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார். அன்றைக்கு வலித்தது. ஆனாலும் நியாயம்தான். அபராதம் போட்டார்கள், மூன்று மாத அவகாசமும் தீர்மானத்தில் எழுதினார்கள். மறுநாள் காலையில் அதே அக்கா வீட்டுக்கு வந்துட்டாங்க. முன்னே நர்சரியில் கூலிக்குப் போனவங்க. "காட்டுடி, எங்க தப்பாச்சுன்னு பாப்போம்"னு செடிப் பக்கத்தில் உட்கார்ந்தாங்க.

அவங்க சொல்லித் தந்தது இது. இலையில் வெள்ளையா இருக்கிற இடத்தில் பச்சையம் இல்லை. பச்சைப் பாகம்தான் மொத்தச் செடிக்கும் சாப்பாடு தயாரிக்குது. அதனால இந்தச் செடி மெதுவாத்தான் வளரும். முழுப் பச்சைக் கொடி வந்தா வேகமா ஓடி மற்றதை அமுக்கிடும். கண்டதும், கலப்பு இலை இருக்கிற கணு வரைக்கும் வெட்டிடணும். முழு வெள்ளைக் கொடியைத் தனியா நட்டா பிழைக்காது. ரெண்டு நிறமும் தெரியுற கொடியில் கணுவோடு வெட்டி நடுங்க. நல்ல வெளிச்சம் வேணும், நேர் வெயில் கூடாது, நிழல்வலை கட்டுங்க. மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். இதன் சாறு அரிக்கும். வெட்டின கையைக் கழுவுங்க. குழந்தையும் ஆட்டுக்குட்டியும் வாயில் வைக்காம பாத்துக்குங்க.

அந்த நூறு பச்சைப் பையையும் நான் தூக்கிப் போடல. வாரச்சந்தையில் குறைச்ச விலைக்கு வித்து, நின்ன தவணையைக் கட்டினேன். இப்போ கடன் முழுசும் முடிஞ்சுது.

செடித் தொழில் செய்ய நினைக்கிறவங்க, கடன் வாங்குறதுக்கு முன்னாடி, வாங்குறவர் எந்தச் செடியைக் கேக்குறார்னு போய்ப் பாருங்க. அப்புறம் எங்க வீட்டுக்கு வாங்க. நல்ல கணுவாப் பாத்து வெட்டித் தர்றேன். காசு வேண்டாம்.