தரவு திரட்டுதல்: கேட்டறிவதும் எடுத்தாள்வதும்

(கணித ஆசிரியர்களுக்கான வட்டார அளவிலான பயிற்சியில் ஆற்றிய உரை)



ஆய்வாளர் தாமே திரட்டுவது முதல்நிலைத் தரவு. பிறர் திரட்டி வைத்ததை எடுத்துப் பயன்படுத்துவது இரண்டாம் நிலைத் தரவு. இதை மாணவர்கள் எளிதில் ஒப்பித்துவிடுவார்கள். எந்தக் கேள்விக்கு எது வேண்டும் என்பதைத்தான் நாம் கற்பிக்க வேண்டும்.

மாணவர் வருகை குறைவது பற்றி ஓர் ஆசிரியர் செயலாராய்ச்சி செய்வதாகக் கொள்வோம். முதலில் எல்லா வகுப்புகளின் வருகைப் பதிவேடுகளையும் எடுப்பார். அவை பிற ஆசிரியர்கள் எழுதியவை. வேறு நோக்கத்திற்காக எழுதியவை. எனவே, அவருக்கு அவை இரண்டாம் நிலைத் தரவு. யார் எத்தனை நாள் வரவில்லை என்பது அவற்றில் கிடைக்கும். ஏன் வரவில்லை என்பது கிடைக்காது. அதற்கு முதல்நிலைத் தரவு வேண்டும்.

வினாப்பட்டியலை அச்சிட்டு வீட்டிற்குக் கொடுத்தனுப்பலாம், செலவு குறைவு. ஆனால், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் பதில் வராது. அந்த வீடுகளே நம் ஆய்வுக்கு முக்கியமானவை. அங்கே நேரில் சென்று கேட்டு நாமே பதிய வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகச் சென்றதும் இம்முறையில்தான்.

கேட்கும் விதமும் முக்கியம். “பையனை ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்புகிறீர்களா?” என்று ஆசிரியர் கேட்டால், “அனுப்புகிறோம்” என்ற பதில்தான் வரும். “போன வாரம் எத்தனை நாள் வரவில்லை? அன்று என்ன வேலை இருந்தது?” என்று தனியாக, பொறுமையாகக் கேட்டால் உண்மை வெளிப்படும். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற சிறுமிக்கு ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதிவிட்டால், அவளுக்கு வேண்டிய உதவி எதுவென யாருக்கும் தெரியாமல் போகும்.

இரண்டாம் நிலைத் தரவை எடுக்கும்போது யார், எப்போது, எதற்காகத் திரட்டினார்கள், எந்த வரையறையில் திரட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் எழுத்தறிவு வீதம் 1981 வரை வேறு வரையறையில் கணக்கிடப்பட்டது. 1991 முதல் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளோரைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. இதை அறியாமல் இரு ஆண்டுகளை ஒப்பிட்டால் முடிவு பிழையாகும். 2011இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு வீதம் தற்காலிக அறிக்கையில் 80.33 விழுக்காடு, இறுதி அறிக்கையில் 80.09. எந்த அறிக்கையிலிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட மாணவரைப் பழக்குவோம்.

அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் ஒரு சிறு ஆய்வு செய்யுங்கள்: மாணவர்கள் பள்ளிக்கு வர எவ்வளவு நேரமாகிறது? பாதிப் பேர் நண்பர்களிடம் கேட்டு எழுதட்டும். மீதிப் பேர் தாமே கடிகாரம் பார்த்துக் குறிக்கட்டும். இரு அட்டவணைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். வேறுபாடு இருந்தால், அதற்கான காரணத்தை மாணவர்களே சொல்லட்டும்.

நாம் பதிவேட்டில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் நாளை வேறொருவருக்கு இரண்டாம் நிலைத் தரவு. அவர் அதை நம்பித்தான் திட்டமிடுவார்.