தருமபுரி ஜில்லாவின் நிலமும் நீரும் நிர்வாகமும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



தம் நிலத்தின் எல்லையையும், கிணற்றின் ஊற்றையும், வீட்டில் உண்போர் தொகையையும் அறியாத ஒருவர் குடித்தனத்தைச் செவ்வனே நடத்த இயலாது. ஜில்லா என்பதும் ஒரு பெரிய குடித்தனமே. தருமபுரி ஜில்லாவின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும்.

முற்காலத்தில் பாரமகால் எனப்பட்ட பிரதேசத்தைச் சேர்ந்தது இது. 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் வசமாயிற்று. காப்டன் அலெக்ஸாண்டர் ரீடும், அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே நிலங்களை அளந்து, குடியானவருக்கு நேரே தீர்வை விதிக்கும் முறையைக் கையாண்டனர். ராஜதானியில் பின்னர்ப் பரவிய ரயத்துவாரி முறை இவ்விதம் உருவாயிற்று. நெடுங்காலம் சேலத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, 1965-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி தனி ஜில்லாவாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி இதனின்றும் பிரிந்தது.

ஜில்லாவின் விஸ்தீர்ணம் சுமார் 4,497 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் வருஷக் கணக்கின்படி ஜனத்தொகை 15,06,843. நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோர் கிராமவாசிகள். எழுத்தறிந்தோர் விகிதம் நூற்றுக்கு 68.5, அவ்வருஷத்தில் மாகாணத்தின் ஜில்லாக்களுள் இதுவே கடைசி. கேழ்வரகு, சாமை, நிலக்கடலை முதலிய புன்செய்ப் பயிர்களும் மாந்தோப்புகளும் இங்கே மிகுதி. கரும்புக்காகப் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் ஏற்பட்டன.

மேற்கெல்லையில் காவிரி ஒகேனக்கலில் பாறைகளிடையே வீழ்ந்து, பள்ளத்தாக்கு வழியே மேட்டூரை நோக்கிச் செல்கிறது. ஊர்களோ பெரும்பாலும் மேட்டு நிலத்தில் உள்ளன. ஆகவே பெரிய ஆறு எல்லையில் ஓடியும் ஜனங்களுக்குக் கிணற்று நீரே கதியாயிற்று. பல ஊர்களில் பாறைக்கு அடியிலிருந்து இறைக்கும் நீரில் புளோரைடு என்னும் சத்து மிகுந்துள்ளது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அந்நீர் குடிக்கத் தகாதது. குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். மிகுதியாயுள்ள நீரை நெடுநாள் குடித்தால் எலும்பும் மூட்டும் விறைக்கும். நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும்; காய்ச்சினாலும் தீங்கு நீங்காது.

இத்துன்பத்தைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் தேசத்துக் கடனுதவியுடன் அமைந்த அத்திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் சுத்தி செய்யப்பட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் ஊர்களுக்கு மேடேற்றி அனுப்பப்படுகிறது. ஆயினும் அந்நீரை ஊர்த் தொட்டியில் ஆழ்குழாய் நீருடன் அளவின்றிக் கலந்தால், அவ்வளவு செலவும் வீணாகும்.

அதைக் கேட்டறிய வேண்டிய இடம் எது? இங்கேதான் பலர் வழி தவறுகின்றனர். பட்டா, தீர்வை முதலியவற்றிற்குக் கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், கலெக்டர் என்னும் வரிசை உண்டு. 1980 வரை கிராமத்தில் மணியகாரரும் கர்ணமும் அவ்வேலையைப் பார்த்தனர். குடிநீரும் தெருவிளக்குமோ கிராம ஊராட்சியையும், அதற்கு மேல் ஊராட்சி ஒன்றியத்தையும் சேர்ந்தவை. ஒன்றிற்குரிய மனுவை மற்றொன்றிற் கொடுத்தால் மாதங்கள் கழியும், குறை தீராது.

கிராம சபை ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தினங்களிற் கூடுகிறது. ஒவ்வொரு சங்கமும் தன் ஊர்க் குடிநீரைக் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, கிடைத்த முடிவைச் சங்கக் கட்டிடத்தில் எழுதி ஒட்டுக. அதையே சபையில் எடுத்துரைத்து, தீர்மானமாகப் பதியச் செய்க. அங்கத்தினரின் கடனையும் வட்டியையும் தவறாது கணக்கிடும் சங்கத்தாருக்கு, தம் குழந்தைகள் குடிக்கும் நீரின் கணக்கை வைப்பது அரிய காரியமன்று.