இரவில் எழுதும் கணக்கு

 

கடை வைத்திருக்கும் நம்மில் யாரும் கல்லாவை எண்ணாமல் கதவைப் பூட்டுவதில்லை. வரவு என்ன, செலவு என்ன, யாரிடம் பாக்கி என்று எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். ஆனால் அன்றைக்குச் செலவானது பணம் மட்டுமா? நம் ஆயுளில் ஒரு நாளும் செலவாகியிருக்கிறதே. அதற்குக் கணக்கு எழுதுகிறோமா?

நாம் எதற்காகப் படைக்கப்பட்டோம் என்பதற்கு விடை நம்மிடம் இருக்கிறது. தன்னை வணங்குவதற்காகவே ஜின்களையும் மனிதர்களையும் படைத்ததாக தாரியாத் அத்தியாயத்தின் 56ஆம் வசனத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான். மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளையும் இதைச் சொல்லிவிடும். நமக்குத் தடுமாற்றம் அடுத்த கேள்வியில்தான். நமக்குத் தந்திருக்கும் உடல்நலம், படிப்பு, தொழில், குடும்பம் இவற்றைக் கொண்டு அல்லாஹ்வுக்காக நாம் செய்ய வேண்டியது என்ன?

இந்தத் தடுமாற்றம் பெரும் மேதையான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கும் வந்தது. பக்தாதின் நிஜாமிய்யா கல்லூரியில் தலைமை ஆசிரியராகப் புகழின் உச்சியில் இருந்தார்கள். 1095ஆம் ஆண்டில், தாம் கற்பிப்பது யாருக்காக என்று தம் நிய்யத்தைச் சோதித்தார்கள். அதில் பெயரும் பதவியும் கலந்திருப்பதைக் கண்டார்கள். சுமார் ஆறு மாதம் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார்கள். பாடம் நடத்த நாவே எழவில்லை. கடைசியில் பதவியை விட்டு டமாஸ்கஸுக்குப் புறப்பட்டார்கள். சுமார் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு நைஸாபூரில் மறுபடியும் கற்பிக்க வந்தார்கள். வேலை அதேதான், நிய்யத் மாறியிருந்தது. இதையெல்லாம் மறைக்காமல் தம் நூலிலேயே எழுதி வைத்தார்கள்.

தன்னைத்தானே கணக்குக் கேட்பதற்கு முஹாஸபா என்று பெயர். இஹ்யா உலூமித்தீனில் இமாமவர்கள் இதற்கு வியாபாரத்தையே உவமை சொல்கிறார்கள். நம் நஃப்ஸ் ஒரு கூட்டாளி. காலையில் அதனுடன் ஒப்பந்தம், பகலில் கண்காணிப்பு, இரவில் லாப நஷ்டக் கணக்கு.

இதை நாமும் செய்யலாம். இஷாவுக்குப் பின் ஐந்து நிமிடமும் ஒரு சாதாரண நோட்டும் போதும். ஆயுளை எப்படிக் கழித்தோம், இளமையை எதில் செலவிட்டோம், பொருளை எங்கிருந்து ஈட்டினோம், எதில் செலவழித்தோம், கற்றதைக் கொண்டு என்ன செய்தோம் என்ற ஐந்தும் மறுமையில் கேட்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது திர்மிதியில் வருகிறது. இந்த ஐந்தையே தலைப்பாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுவோம்.

ஒரு மாதம் கழித்து மொத்தமாகப் படித்துப் பார்ப்போம். ஒரே சாக்கு பத்து இடத்தில் இருந்தால் நம் நோய் அதுதான். கவனிக்காமல் விட்ட தாயார், பேசாமலிருக்கும் தம்பி என்று ஒருவரே திரும்பத் திரும்ப வந்தால், நமக்குரிய வேலை அங்கேதான் காத்திருக்கிறது. எந்த வேலையால் பிறருக்குப் பயன் கிடைத்தது, நம் மனமும் அமைதியானது என்பதும் தெரியவரும். நோட்டில் கண்டதையே முடிவாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஆலிம்களிடம் மஷூரா செய்து, இஸ்திகாரா தொழுது, பிறகு அடியெடுத்து வைப்போம்.

ஓர் எச்சரிக்கை. அல்லாஹ் மறைத்த பாவத்தை நாமே வெளியிடக் கூடாது. அதை விவரமாக எழுதாமல், நமக்கு மட்டும் புரியும் ஒரு குறி போட்டுத் தவ்பா செய்வோம். நோட்டைப் பிறருக்குக் காட்டினால் அதுவும் முகஸ்துதியாகிவிடும்.

இந்தக் கணக்கு அறக்கட்டளைக்கும் பொருந்தும். அரிசி மூட்டை வழங்கும்போது நாங்கள் எடுத்த படங்களில் வாங்குபவரின் முகம் தெரிந்தது. அந்தப் படம் யாருக்காக என்று எழுதிப் பார்த்தோம். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. இனி அப்படிப் படம் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

நாளைக்காக எதை அனுப்பி வைத்தோம் என்று ஒவ்வொருவரும் பார்க்கட்டும் என ஹஷ்ர் அத்தியாயத்தின் 18ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அந்த நாளில் நம் ஏடு நம் கையில் தரப்படும். அதற்கு முன் நம் கையாலேயே எழுதிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இன்றிரவு இருக்கிறது. அந்தப் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.