காசில் நின்ற தமிழ்



கூட்டேரிப்பட்டுச் சந்திப்பில் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையிலிருந்து, மயிலம் வழியே புதுச்சேரிக்குச் செல்லும் சாலை பிரிகிறது. இச்சாலைகள் சூழ்ந்த நிலம் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பொருதிய களமாகும். 1750இல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1760இல் வந்தவாசிப் போரில் அவர்கள் தோற்றனர். 1761இல் புதுச்சேரியும் செஞ்சியும் வீழ்ந்தன. படை சென்ற வழியிலெல்லாம் பணமும் சென்றது. எனவே, பிரெஞ்சு ஆட்சிக்கால வெள்ளிக்காசு இவ்வட்டாரத்துக்கு அயற்பொருள் அன்று.

அக்காசுகளைச் சேர்க்கப் புகுவோர் இரு வகையைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது ரூபாய். ஆளுநர் துய்மா 1736இல் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலியிடமிருந்து ரூபாய் அச்சிடும் உரிமையைப் பெற்றார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே ஆண்டில்தான். கப்பலில் வந்த ஸ்பானிய வெள்ளி நாணயங்கள் புதுச்சேரி அக்கசாலையில் உருக்கப்பெற்று ஆர்க்காட்டு ரூபாய்களாயின. 11 கிராமுக்குச் சற்று மிகுந்த எடையுடைய அக்காசில் பிரெஞ்சு எழுத்து ஒன்றேனும் இல்லை. பாரசீக எழுத்தில் முகலாயப் பேரரசரின் பெயரே உள்ளது. புதுச்சேரியில் அடித்தது என்பதைக் காட்டுவது அதிலுள்ள பிறைக்குறி. சென்னை அக்கசாலையில் ஆங்கிலேயர் அடித்த ஆர்க்காட்டு ரூபாய்க்குத் தாமரைக்குறி உண்டு.

இரண்டாவது வகை, ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் எடையுள்ள சிறு வெள்ளிப் பணம். எட்டுப் பணம் ஒரு ரூபாய். 18ஆம் நூற்றாண்டுப் பணத்தின் ஒருபுறம் மணிமுடி. மறுபுறம் பிரெஞ்சு அரச மரபின் லில்லி மலர்கள். அதில் எழுத்தே இல்லை.

வெள்ளி ரூபாய் பாரசீகம் பேசிற்று. வெள்ளிப் பணம் வாய் பேசாதிருந்தது. தமிழ் எங்கே இருந்தது? எளியோர் கையிலிருந்த செப்புத் துட்டில் இருந்தது. ஒருபுறம் லில்லி மலர் தாங்கிய அச்செப்புக் காசின் மறுபுறத்தில் 'புதுச்சேரி' என்று தமிழெழுத்தில் பொறித்தனர். உப்பும் கீரையும் வாங்குவோர்க்குப் புரியும் மொழியை அரசும் ஒதுக்க இயலவில்லை.

பெயர்களை நோக்கினும் இவ்வுண்மையே விளங்கும். பிரெஞ்சுக்காரர் வெள்ளிப் பணத்தைப் 'ஃபனோன்' என்றனர். அது நம் 'பணம்'. அவர்கள் 'காஷ்' என்றது நம் 'காசு'. 'தூதூ' என்றது நம் 'துட்டு'. துட்டு என்பதே டச்சுக்காரர் வழி வந்த சொல் என்பர். வந்த சொல்லைத் தமிழ் தனதாக்கிக் கொண்டு, பின்வந்த ஆட்சிக்கும் ஈந்தது. மணிமுடி அவர்களுடையது, பெயர் தமிழுடையது.

இன்று இக்காசுகளுக்கு நேரும் கேடு உலைமுகத்தில் உள்ளது. பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த பணம் தட்டார் தராசில் ஏறினால், ஒன்றரைக் கிராம் வெள்ளிக்குரிய விலையே கிடைக்கும். உருகியபின் பிறை ஏது? மணிமுடி ஏது? சேர்ப்போருள்ளும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி, நூற்றாண்டுகள் படிந்த கருமையோடு அச்சின் நுண்கோடுகளையும் தேய்த்து விடுவோர் உளர். காசைத் துலக்காது காத்தல் வேண்டும். விளிம்பைப் பற்றி எடுத்தல் வேண்டும். எடை, விட்டம், குறி, கிடைத்த ஊர், கொடுத்தவர் சொன்ன செய்தி ஆகியவற்றை அன்றே எழுதிவைத்தல் வேண்டும். வரலாறு எழுதப்பெறாத காசு பாதிக் காசே.

சட்டமும் அறியத்தக்கது. மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்படும், 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகும். தனியார் அதனை அயல்நாட்டுக்கு அனுப்புதல் கூடாது என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம்.

பாவலர்களே, சொல்லைத் தேடிச் சேர்ப்பது உங்கள் பணி. தேய்ந்த செப்பில் ஊர்ப்பெயரைத் தேடிப் படிப்பதும் அதன் பாற்பட்டதே. பத்தாண்டு நிறைவுற்ற இவ்வட்டம், சுற்றுவட்டாரத்து வீடுகளிலுள்ள பழங்காசுகளை வாங்காமலும் விற்காமலும், தாளில் ஒற்றிப் படியெடுத்து ஒரு பதிவேடு தொகுக்குமாயின், அடுத்த பத்தாண்டுக்கு அது தக்க தொடக்கமாகும். காசு உரியவர் வீட்டிலேயே இருக்கட்டும். அதன் சொல் அனைவர்க்கும் உரியதாகட்டும்.

வாழிய தமிழ்! வளர்க இவ்வட்டம்!