ஆறாத புண்ணை மறைக்க வேண்டாம்

(நம் அறக்கட்டளையின் குடும்பநலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் படிப்பு உதவி, ஜகாத் விநியோகம் என்று பேசுவோம். இன்று வாய், நாக்கு, தொண்டை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோயைப் பற்றிப் பேசுகிறோம். நமக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களைப் படிக்கும்போது ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. வாயில் முதன்முதலாகப் புண் வந்தது ஒரு காலம். டாக்டரிடம் காட்டியது வேறொரு காலம். நடுவில் நாலு மாதம், ஆறு மாதம் போயிருக்கிறது. அந்த மாதங்களைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

ஏன் அவ்வளவு தாமதம்? முதல் காரணம், தொடக்கத்தில் இந்தப் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத புண்ணுக்கு யார் ஜீப்பை விட்டு இறங்கி, ஒரு நாள் கூலியை இழந்து, ஆஸ்பத்திரிக்குப் போவார்? இரண்டாவது காரணம் வெட்கம். "புகையிலை போட்டதால் வந்தது என்று ஊர் பேசும்" என்ற எண்ணம். மூன்றாவது பயம். அந்த நோயின் பெயரையே வீட்டில் சொல்லக் கூடாது என்று நினைக்கிறோம். "அந்த வியாதி" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம்.

நம் மஹல்லாவில் தோட்டத்து ஜீப் ஓட்டிய ஒரு சகோதரர் இருக்கிறார். அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் இதைச் சொல்கிறோம். நாக்கின் ஓரத்தில் சிறு புண். மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டார். மருந்துக் கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கினார். ஓதித் தண்ணீர் குடித்தார். இவற்றில் எதையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நான்கு மாதம் கழிந்தது. அதற்குள் கழுத்தில் ஒரு கட்டி வந்துவிட்டது. அல்லாஹ்வின் கிருபையால் அவர் இன்று நம்மிடையே இருக்கிறார். ஆனால் நாக்கில் பாதி எடுக்கப்பட்டது. "முதல் மாதமே போயிருந்தால் இன்னும் கொஞ்சம் நாக்கு மிஞ்சியிருக்கும்" என்று அவரே சொல்கிறார்.

நோயை இறக்கிய இறைவன் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த பாடம். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஓதிப் பார்ப்பவர் ஓதட்டும். அதே வாரத்தில் டாக்டரும் பார்க்கட்டும்.

சரி, எதைக் கண்டால் போக வேண்டும்? வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண். கன்னத்தின் உள்பக்கமோ நாக்கிலோ வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு. வாயை முழுதாகத் திறக்க முடியாமல் இறுகிப் போவது. நம்முடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் காட்ட வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல். விழுங்குவதில் தடை. கழுத்தில் வலிக்காத கட்டி. ஒரு பக்கக் காதில் மட்டும் காரணமில்லாத வலி. இவை எல்லாமே புற்றுநோய் அல்ல. பல வேறு சாதாரண காரணங்களாலும் வரலாம். எது என்று முடிவு செய்ய வேண்டியது டாக்டர்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 1996 முதல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் பாதிப் பேரின் வாயை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வெளிச்சத்தில் பார்த்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. 2005-இல் வெளியான முடிவு என்ன? புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களில், இப்படி வாய் பார்க்கப்பட்ட பகுதிகளில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. வாயைத் திறந்து பார்த்ததாலேயே உயிர்கள் காப்பாற்றப்பட்டன. வயிற்றுக்குள் வரும் நோய்க்கு இந்த வசதி இல்லை. இது கண்ணால் காணக்கூடிய நோய்.

அடுத்தது, எதனால் வருகிறது என்பது. இந்தியாவில் ஆண்களிடம் முதலிடத்தில் இருக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பெரிய காரணம் புகையிலை: பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை, உதட்டுக்கு அடியில் வைக்கும் பொட்டலம் எல்லாமே. மதுவும் ஒரு காரணம்; அது நமக்கு ஹராம் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. ஆனால் பலர் அறியாதது பாக்கு. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதான்" என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-இல் கூடிய ஆய்வுக் குழுவில், புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், பாக்கு மட்டுமேயும்கூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று முடிவு செய்தது. வாய் இறுகிப் போகும் நோய்க்கும் பாக்கே முக்கியக் காரணம்.

பழக்கம் எங்கே தொடங்குகிறது என்பது நமக்குத் தெரியும். விடிவதற்கு முன் ஜீப் ஏறி போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் குளிருக்கும் பசிக்கும் ஒரு வாய் போயிலை அடக்கிக்கொள்கிறார்கள். ஏலக்காய் தரம் பிரிக்கும் இடங்களில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குப் பாக்கு ஒரு துணை. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க வேண்டாம். உழைப்பு கடினமானது, பழக்கம் பிடித்துக்கொண்டது. விட நினைப்பவர்களுக்கு உதவ 1800 112 356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண் இருக்கிறது. நோய் வந்த பிறகு விட்டாலும் பலன் உண்டு. புண் நன்றாக ஆறும். சிகிச்சை நன்றாக வேலை செய்யும்.

அறிஞர் அண்ணாவை இங்கே நினைக்க வேண்டும். தமிழ்நாட்டையே தன் நாவால் கட்டிப்போட்டவர். அவருக்குப் புகையிலை மெல்லும் பழக்கம் இருந்தது. உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டது. 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடந்தது. 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் முதலமைச்சராக இருக்கும்போதே, 59 வயதில் மறைந்தார். பதவியும் புகழும் அந்த நோய்க்குத் தெரியாது.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் மருத்துவம் வெகுதூரம் வந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் மறையும் வரை ஏழை நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். இன்று அவ்வளவு தூரம் போகாமலே நமக்கு வழி உண்டு. முதலில் போடி அரசு மருத்துவமனை. பிறகு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவு. தேவைப்பட்டால் மதுரை.

டாக்டர் சந்தேகப்பட்டால் புண்ணிலிருந்து சிறு சதை எடுத்துப் பரிசோதிப்பார். இதற்கு பயாப்ஸி என்று பெயர். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று சொல்லி இதைத் தடுப்பவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அது தவறு. சதை எடுத்துப் பார்க்காமல் இந்த நோய்க்குச் சிகிச்சை தொடங்க முடியாது.

சிறிதாக இருந்தால் அறுவை சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். வளர்ந்திருந்தால் கழுத்து நெறிகளையும் எடுப்பார்கள். எடுத்த இடத்தை நிரப்பக் கையிலிருந்தோ தொடையிலிருந்தோ தசை எடுத்து வைப்பார்கள். பிறகு நம் மக்கள் "கரண்ட் வைப்பது" என்று சொல்லும் கதிர்வீச்சு. பொதுவாக வாரம் ஐந்து நாள், ஆறு ஏழு வாரம். சிலருக்கு அதோடு ஊசி மருந்தும் உண்டு. கதிர்வீச்சுக்கு முன் பல் டாக்டரைப் பார்த்துச் சொத்தைப் பல்லைச் சரி செய்துகொள்ள வேண்டும். பின்னால் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் தொல்லை தரும்.

மூன்றாவது வாரத்தில்தான் பலர் மனம் உடைகிறார்கள். வாயெல்லாம் புண், எச்சில் வற்றிவிடும், சோறு மண்ணாகத் தெரியும். அப்போது "போதும்" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பாதியில் நிறுத்துவது மிகவும் ஆபத்து. இது மருந்து வேலை செய்யும் காலம், தாண்டிவிடும் என்று வீட்டார் சொல்லித் தாங்க வேண்டும். உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரால் அடிக்கடி கொப்பளிக்கலாம். காரமும் புளிப்பும் வேண்டாம். நோன்புக் கஞ்சியை மசாலா இல்லாமல், மசித்து வடிகட்டிக் கொடுங்கள். கேப்பைக் கூழ், பால், முட்டை, பருப்புத் தண்ணீர் கொடுங்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்கச் சொன்னால் பயப்பட வேண்டாம். எடை குறையாமல் இருந்தால்தான் சிகிச்சையைத் தாங்க முடியும்.

சிகிச்சை முடிந்தபின் வாய் திறக்கும் பயிற்சி, விழுங்கும் பயிற்சி, பேச்சுப் பயிற்சி ஆகியவை தினமும் வேண்டும். குரல்வளையை எடுத்தவர்களும் கருவியின் உதவியால் மீண்டும் பேசுகிறார்கள். கழுத்தில் மூச்சுத் துளை உள்ளவர்கள் குளிக்கும்போதும் ஒளுச் செய்யும்போதும் அதற்குள் தண்ணீர் போகாமல் காத்துக்கொள்ள வேண்டும். கொட்டகுடி ஆற்றில் இறங்கி முங்கிக் குளிப்பது கூடவே கூடாது. நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பும். ஆகவே டாக்டர் குறித்துத் தரும் தேதியை, உடம்பு நன்றாக இருந்தாலும், தவறவிடக் கூடாது.

தொழுகையில் ஓத முடியவில்லையே என்று அழுபவர்களுக்கு ஒரு வார்த்தை. முடியாததை மார்க்கம் யார் மீதும் சுமத்தவில்லை. வாய் கொப்பளிப்பது, நோன்பைக் கழாச் செய்வது, பித்யா கொடுப்பது பற்றியெல்லாம் நம் இமாமிடம் கேளுங்கள், சலுகைகள் இருக்கின்றன. ஜக்கரிய்யா நபி (அலை) அவர்கள் மூன்று நாட்கள் மக்களிடம் சைகையால் மட்டுமே பேசினார்கள். அவர்களுடைய திக்ரும் துதியும் நிற்கவில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். மூஸா நபி (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி இறைவனிடம் கேட்டார்கள். அத்தோடு நிறுத்தவில்லை, தம் சகோதரர் ஹாரூனைத் துணையாகத் தரும்படியும் கேட்டார்கள். நாக்கில் சிகிச்சை பெற்றவருக்கும் ஒரு ஹாரூன் வேண்டும். டாக்டரிடம் அவருக்காகப் பேச, சீட்டு வாங்க, வரிசையில் நிற்க, மாத்திரை நேரம் குறிக்க ஒருவர் வேண்டும். சிகிச்சை பெற்றவர் பேசும்போது புரியவில்லை என்றால் பொறுமையாக இன்னொரு முறை கேளுங்கள். அவருக்குப் பதில் அவருடைய வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். பள்ளிவாசலில் அவரைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்ளாதீர்கள். இது தொற்றும் நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கட்டணமில்லா எண் 1800 425 3993. நோய் வந்த பிறகு அட்டைக்கு அலையாமல், வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள். 2023 ஜூனில் போடிக்கு ரயில் மீண்டும் வந்தது. சென்னைக்கும் நேரடி ரயில் உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை. உடன் செல்பவருக்கு முக்கால் பங்கு சலுகை. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் சான்று வாங்க வேண்டும்.

ஆனால் காப்பீடு கொடுக்காத செலவுகள் உண்டு. மதுரையில் ஏழு வாரம் தங்கும் செலவு, துணைக்குப் போகிறவர் இழக்கும் கூலி, வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் சாப்பாடு. சிகிச்சை பாதியில் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். தேவையுள்ள நோயாளிக்கு ஜகாத்தும் ஸதகாவும் சேரும். நோய் முற்றிய பிறகு ஊரெல்லாம் வசூலித்துக் கொடுக்கும் பெருந்தொகையைவிட, இரண்டாவது வாரத்தில் கொடுக்கும் பஸ் கட்டணம் ஒரு குடும்பத்துக்கு அதிகம் உதவும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, இன்றிரவு வீட்டுக்குப் போய் உங்கள் அத்தா, அம்மா, பெரியவர்கள் வாயை செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, நம் மஹல்லாவின் நிக்காஹ்களில் தாம்பூலத் தட்டிலிருந்து பாக்கையும் புகையிலையையும் எடுத்துவிடுவோம். ஏலக்காய் விளையும் ஊர் நம்முடையது. ஏலக்காயும் கற்கண்டும் பேரீச்சம்பழமும் வைத்தால் விருந்தாளிக்கு மரியாதை குறையாது. மூன்று, மருத்துவமனைக்குத் துணையாகப் போகத் தயாராக இருக்கும் இளைஞர்கள், சகோதரிகள் தங்கள் பெயரை அறக்கட்டளை அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பயணச் செலவை அறக்கட்டளை ஏற்கும், இன்ஷா அல்லாஹ்.

ஆறாத புண் உள்ளவர் யாராக இருந்தாலும் அலுவலகத்துக்கு வரலாம். ஏன் வந்தது என்று யாரும் கேட்க மாட்டோம். என்றைக்குப் போகலாம் என்று மட்டுமே கேட்போம்.

நோயுற்ற நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. அவர்களைத் தாங்கும் குடும்பங்களுக்குப் பொறுமையையும் பலத்தையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.